பூதம் எங்கே போய் மறைந்தது? புத்தளக் கரையும் ஆபிரிக்க இரத்தக் கதைகளும்

2011 ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை இரவு புத்தளம் நகரில் பொலிஸ் கான்ஸ்டபிள் ஒருவர் கொல்லப்பட்டார். போக்குவரத்துப் பிரிவில் கடமையாற்றியவர். ‘கிறீஸ் பூதம்’ என்று பேசப்பட்ட மர்ம ஆளைத் துரத்தி வந்த மக்கள், கையில் அகப்பட வேண்டியவனைப் பொலிஸார் தப்ப விட்டுவிட்டார்கள் என்று கொதித்தெழுந்தபோது மூண்ட கலவரத்தில் அவர் உயிர் போனது. அவர் யாருடைய இரத்தத்தையும் எடுக்கவில்லை, எவர் வீட்டு வேலியையும் தாண்டவில்லை. வதந்தியின் உள்ளே கிடக்கும் நியாயத்தைத் தேடப் போகும் கட்டுரை இது. அதனாலேயே அந்த மரணத்தை முதலில் எழுதிவைக்கிறேன். வதந்தியை விளங்கிக்கொள்ளப் புறப்பட்டு, அது செய்த கொலைக்கு வக்காலத்து வாங்குவதில் போய் முடிந்துவிடக் கூடாது.

அந்த ஆகஸ்டில் இலங்கையின் பல ஊர்கள் உறங்கவில்லை. மலையகத் தோட்டப் பகுதிகளில் பரவிய பேச்சு பொத்துவில், கிண்ணியா என்று கிழக்குக் கரையைப் பிடித்தது. புத்தளத்துக்கு வந்தது. மறுநாள் யாழ்ப்பாணத்து நாவாந்துறையில் வெடித்தது. எல்லா இடத்திலும் உருவம் ஏறக்குறைய ஒன்றுதான்: உடம்பு முழுக்கக் கிறீஸ், கையில் இரும்பு நகம், மதிலை ஒரே எட்டில் தாவும் கால்கள். தனித்திருக்கும் பெண்ணின் முகத்தையோ மார்பையோ கீறிவிட்டு இருட்டில் ஓடிவிடுவான். பிடித்தால் வழுக்கிக்கொண்டு போவதற்காகக் கள்வர் எண்ணெயோ கிறீஸோ பூசி வருவார்கள் என்பது இங்கே பாட்டன் காலத்துப் பேச்சு. ஆனால் 2011இல் வந்தவன் நகையைத் தொடவில்லை. அவனுக்கு வேண்டியது பெண்களின் இரத்தம் என்றார்கள். எங்கோ ஒரு புதையலைத் திறப்பதற்கு என்றார்கள். பெரிய இடத்தில் இருப்பவர்களின் பதவி நிலைக்கச் சோதிடர் சொன்ன பரிகாரம் என்றும் சொன்னார்கள். இந்தக் கதைக்குப் பக்கத்திலேயே ஒரு நிஜமும் கிடந்தது. இரத்தினபுரி மாவட்டத்தின் கஹவத்தைப் பகுதியில் 2008 முதலே பெண்கள், அதிகமும் வயது சென்றவர்கள், அடுத்தடுத்துக் கொல்லப்பட்டு வந்தார்கள்.

இரத்தம் குடிக்கும் பேய் புத்தளக் கரைக்குப் புதிதல்ல. சிங்களவருக்கு ரீரி யக்கா உண்டு. உடப்புப் பக்கம் தமிழர் வீடுகளில் காட்டேரியையும் முனியையும் சொல்லிப் பிள்ளைகளை அடக்குவார்கள். முஸ்லிம் வீடுகளில் ஜின். ஒவ்வொன்றுக்கும் மருந்தும் உண்டு: தொவில் ஆடலாம், பூசாரியைக் கூப்பிட்டு மடை வைக்கலாம், லெப்பையிடம் போய் ஓதிப் பார்த்துத் தண்ணீர் வாங்கி வரலாம். கிறீஸ் பூதத்துக்கு இவை எதையும் மக்கள் நாடவில்லை. பொல்லையும் டோர்ச் லைட்டையும் எடுத்துக்கொண்டு சந்தியில் காவல் நின்றார்கள். பெயரில்தான் பூதம். அதை எதிர்கொண்ட முறையைப் பார்த்தால், காலும் கையும் உள்ள, யாரோ ஒருவர் அனுப்பிய மனிதனாகவே எல்லாரும் அதை எடுத்துக்கொண்டார்கள் என்பது தெரியும். தமிழ்ப் பத்திரிகைகள் ‘மர்ம மனிதன்’ என்று எழுதியது அந்த வகையில் சரியாகவே பொருந்தியது.

இந்த இடத்தில்தான் ஆபிரிக்கா உதவிக்கு வருகிறது. காலனிய காலத்துக் கிழக்கு, மத்திய ஆபிரிக்காவில் உலவிய இரத்தம் உறிஞ்சுவோர் பற்றிய வதந்திகளை வரலாற்றாசிரியர் லூயிஸ் வைட் பல ஆண்டுகள் கேட்டுத் திரட்டினார். மேற்குக் கென்யாவிலும் உகண்டாவிலும் முதியவர்களோடு உட்கார்ந்து பேசினார். ஆவணக் காப்பகங்களில் காலனிய அதிகாரிகளின் கடிதங்களைப் படித்தார். அந்த உழைப்பு 2000இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் நூலாக வந்தது. அதில் வரும் இரத்தப் பிசாசுகளில் ஒன்றுகூடக் கல்லறையிலிருந்து எழுந்து வருவதில்லை. எல்லாமே சம்பளத்துக்கு வேலை செய்கின்றன. நைரோபியிலும் கம்பாலாவிலும் அவர்கள் தீயணைப்புப் படையினர். வட ரொடீசியாவில், அதாவது இன்றைய சாம்பியாவில், வனவிலங்குத் திணைக்களத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட ‘பன்யாமா’. சில இடங்களில் கத்தோலிக்க மிஷனரிப் பாதிரிமார்கூட அந்தப் பட்டியலில் இருந்தார்கள். கதை இப்படிப் போகும்: இரவில் விளக்கில்லாத வண்டி வரும், சீருடை போட்டவர்கள் ஆளைப் பிடிப்பார்கள், ஊசியோ மயக்க மருந்தோ கொடுத்துக் கொண்டுபோய்க் குழியில் வைப்பார்கள், இரத்தத்தை வாளி வாளியாக எடுப்பார்கள், அது வெள்ளைக்காரருக்கு மருந்தாகப் போகும்.

‘அறியாத சனம் தீயணைப்பு வண்டியின் சிவப்பைக் கண்டு மிரண்டது’ என்று காலனிய அதிகாரிகள் விளக்கம் கொடுத்துவிட்டுப் போனார்கள். வைட் அதை ஏற்கவில்லை. இந்தக் கதைகளைச் சொன்னவர்கள் நகரத்தில் வேலை பார்த்தவர்கள், சுரங்கத்துக்குப் போய் வந்தவர்கள், வண்டியையும் ஊசியையும் நன்றாகத் தெரிந்தவர்கள். அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது வேறு விடயம். தங்களில் ஒருவனுக்குச் சீருடை கொடுத்து, பயிற்சி கொடுத்து, சம்பளமும் கொடுத்து, ஊரில் தீயே இல்லாத நாட்களிலும் நிலையத்துக்குள் வைத்திருக்கிறார்களே, அவன் உள்ளே என்னதான் செய்கிறான்? இந்தக் கேள்வியை அபத்தம் என்று தள்ள முடியாது. 1900களின் தொடக்கத்தில் விக்டோரியா ஏரிக் கரையில் தூக்க நோய் இலட்சக்கணக்கானோரைக் கொன்றபோது, ஏரியோர ஊர்களைப் பிரித்தானிய ஆட்சி கூண்டோடு கிளப்பியது. மருத்துவக் குழுக்கள் வந்து கழுத்துக் கழலையில் ஊசி குத்தின, இரத்தம் எடுத்தன. எதற்கென்று ஊராருக்கு யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. உடம்பிலிருந்து எடுப்பதும் ஊரிலிருந்து எடுப்பதும் ஒரே கையால் நடந்தது. கதை அந்தக் கையைத்தான் வரைந்தது.

1947 ஜூனில் மொம்பாசாவில் ஒரு கூட்டம் தீயணைப்பு நிலையத்தைத் தாக்கியது. இரத்தம் எடுக்க ஆளைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள் என்ற பேச்சே காரணம். இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் பின்பகுதியில் கிண்ணியா வரும்.

மொம்பாசாக் கரையில் இந்த இரத்தக்காரனுக்கு வழங்கும் பெயர் ‘மும்யானி’. அந்தப் பெயரும் அதைச் சுற்றிய பயமும் இந்தியாவோடு தொடர்புள்ளவை. பாரசீகத்துக் கரும்பிசின் மருந்தொன்று மும்மியாய் என்ற பெயரில் இந்துமாக் கடல் முழுக்க விற்பனையானது. அது மனித உடலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு வடித்தெடுப்பது என்ற பேச்சு வட இந்தியாவில் இருந்தது. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவி, நோயாளிகளை வலுக்கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, அதே பேச்சு மருத்துவமனை வாசலுக்கு வந்துவிட்டது. அந்த அக்டோபரில் ஆலைத் தொழிலாளர் கூட்டம் ஆர்தர் ரோட் மருத்துவமனையைத் தாக்கியது. பம்பாயிலிருந்து சன்சிபாருக்கும் மொம்பாசாவுக்கும் துணியும் மசாலாவும் வியாபாரிகளும் போன பாதையிலேயே இந்தப் பயமும் போயிருக்கிறது. ஆகவே இதை ஆபிரிக்காவுக்கே உரிய மனக்கோளாறு என்று ஒதுக்குவதற்கு வழியே இல்லை. நமது கடலின் இரு கரைகளிலும் புழங்கிய கதை இது. 1331இல் மொம்பாசாவையும் கில்வாவையும் பார்த்த இப்னு பதூதா, 1344இல் இந்தப் புத்தளக் கரையில்தான் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார் என்பதை நினைத்தால், இந்தக் கரைகளுக்கிடையே இருந்த தூரம் சற்றுச் சுருங்கித் தெரியும்.

புத்தளத்தில் ஆபிரிக்க வம்சாவளியினர் இருக்கிறார்களே, கதை அவர்களோடு வந்ததா என்று சிலர் கேட்பதுண்டு. நகருக்கு அருகே சிரம்பியடியில் காப்பிரியர் என்று அறியப்படும் குடும்பங்கள் வாழ்கின்றன. பிரித்தானியப் படையின் ஆபிரிக்கச் சிப்பாய்களின் வழிவந்தவர்கள். ‘மஞ்சா’ என்னும் அவர்களின் பாட்டும் தாளமும் இன்று நாடறிந்தவை. இரத்தக் கதைகளை அவர்கள் தலையில் ஏற்றுவது அநியாயம். இரண்டு கரைகளையும் இணைப்பது வம்சமல்ல. ஆட்சி நடந்த விதம்தான் இணைக்கிறது.

அப்படியானால் 2011இல் புத்தளக் கரையில் ஆட்சி எந்த விதமாக நடந்தது? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தவருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். அவர்களில் பெரும்பாலோர் வந்து ஒதுங்கியது இந்த மாவட்டத்தில்: கற்பிட்டி, புத்தளம், முந்தல், வண்ணாத்திவில்லு. 2011 ஆகஸ்டில் அந்த வெளியேற்றத்துக்கு இருபத்தொரு வயது ஆகப்போகிறது. முகாமில் பிறந்தவர்கள் முகாமிலேயே பிள்ளை பெற்றிருந்தார்கள். உள்ளூர்க்காரருக்கும் வந்தவர்களுக்கும் தண்ணீர், காணி, கூலி வேலை, வாக்குப் பதிவு என்று உரசல்கள் இருந்தன. போர் முடிந்து இரண்டு ஆண்டுகள் கழிந்தும் ‘ஊருக்குப் போவதா, இருப்பதா’ என்ற கேள்விக்கு உறுதியான பதில் எவருக்கும் கிடைக்கவில்லை.

அதே ஆண்டு மார்ச்சில் நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் முதல் பிரிவு திறந்துவைக்கப்பட்டது. சீனக் கடனில், சீன நிறுவனம் கட்டியது. கடற்றொழிலாளரும் கத்தோலிக்கத் திருச்சபையும் பல ஆண்டுகள் அதை எதிர்த்திருந்தார்கள். தலவில் புனித அன்னாள் ஆலயம் அங்கிருந்து தூரமில்லை. கற்பிட்டிக் களப்பின் பதினான்கு தீவுகளைச் சுற்றுலாவுக்கு எடுக்கும் திட்டமும் அந்தக் காலத்ததுதான். வாடி போட்டு மீன் காயவைக்கும் தீவு நாளை யாருடையது என்பதைக் கரையில் நின்றவர்கள் அதிகாரிகள் வாயிலாகக் கேட்கவில்லை, வதந்தியாகவே கேட்டார்கள். கற்பிட்டியில் கடற்படை, பாலாவியில் விமானப்படை. வழியெங்கும் சோதனைச் சாவடிகளைக் கண்டு வளர்ந்த தலைமுறை. வெள்ளை வான் என்ற சொல்லைக் கேட்டால் பேச்சைத் தணித்துக்கொண்ட தலைமுறையும் அதுவே. ஆள் காணாமல் போவதும், போன ஆளைப் பற்றிக் கேட்டால் ‘எங்களிடம் இல்லை’ என்ற பதில் வருவதும் இந்த நாட்டில் கற்பனையாக இருந்ததில்லை.

இனிப் பெண்களின் பக்கம். கிறீஸ் பூதத்தைப் பற்றி எழுதியவர்கள் பலரும் அரசியலில் இறங்கிவிட்டு, அவன் கீறியது யாரை என்பதை வேகமாகக் கடந்து போகிறார்கள். அகதிக் குடியிருப்புகளில் பல வீடுகளின் சுவர் கிடுகு. குளிக்கும் இடம் நான்கு கம்பில் கட்டிய கிடுகு அல்லது உரச்சாக்கு மறைப்பு. கழிப்பறை வீட்டுக்கு வெளியே, சில குடும்பங்களுக்குப் பொதுவானது. ஆண்கள் இரவில் கடலுக்குப் போவார்கள், அல்லது வளைகுடா நாட்டில் இருப்பார்கள். அந்த ஆகஸ்டில் நோன்பு மாதமும் சேர்ந்துகொண்டது; அப்போது வீட்டில் இருக்கும் ஆண்களும் இரவுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். நள்ளிரவுக்குப் பிறகு சஹர் சமைக்கப் பெண் தனியே எழும்ப வேண்டும், கிணற்றடிக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் கிடுகுக்கு அப்பால் சருகு நெரிபட்டால், அது நாயா ஆளா என்று எப்படிச் சொல்வது? பூதம் வந்த நேரமும் வந்த வழியும் அந்தப் பெண்கள் ஆண்டு முழுக்கப் பயந்த நேரமும் வழியும்தான். சில இடங்களில் உண்மையாகவே யாரோ ஒருவன் எட்டிப் பார்த்திருக்கலாம். கையைப் பிடித்திருக்கலாம். சாதாரண நாளில் அதை வெளியே சொன்னால் பெண்ணின் பெயர்தான் கெடும். ஆகஸ்டில் முதன்முறையாக, அவள் கூச்சலிட்டால் ஊரே ஓடி வந்தது.

ஓடி வந்த ஊர் துரத்தியது. துரத்தியவர்கள் சொன்ன கதைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால், தொடக்கம் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது, முடிவு மட்டும் மாறுவதில்லை. கிண்ணியாவில் அவன் கடற்படை முகாமுக்குள் ஓடினான் என்றார்கள், முகாமைச் சூழ்ந்தார்கள். நாவாந்துறையில் இராணுவத்தினர் நின்ற பக்கம் ஓடினான் என்றார்கள். அன்று நள்ளிரவுக்கு மேல் படையினர் வீடு வீடாகப் புகுந்து, நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களை அடித்து இழுத்துச் சென்றார்கள். புத்தளத்தில் பொலிஸார் அவனை விட்டுவிட்டார்கள் என்றார்கள். பூதத்தின் நகம், உயரம், கறுப்பு என்று உருவத்தையே ஆராய்ந்துகொண்டிருந்தால் இது கண்ணில் படாது. அவன் எந்த வாசலில் நுழைந்து மறைகிறான் என்று பார்க்க வேண்டும். மொம்பாசாவில் தீயணைப்பு நிலையம், பம்பாயில் மருத்துவமனை, கிண்ணியாவில் கடற்படை முகாம். மக்கள் உள்ளே போக முடியாத, உள்ளே நடப்பதைக் கேட்க முடியாத, ஆனால் தங்கள் வாழ்வைத் தீர்மானிக்கிற இடங்கள் அவை. வாசலில் நின்று ‘அவனை வெளியே விடு’ என்று கத்திய கூட்டம், பல ஆண்டுகளாகக் கேட்க முடியாதிருந்த கணக்கைத்தான் கேட்டது என்று நான் வாசிக்கிறேன்.

அரசாங்கம் கொடுத்த பதில் அந்த வாசிப்பை வலுப்படுத்தியது. கிறீஸ் பூதம் என்று எதுவும் இல்லை என்றது. படை முகாம்களைத் தாக்குவோரைப் பயங்கரவாதிகளாகவே நடத்துவோம் என்றும் எச்சரித்தது. வந்தவன் யார் என்று விசாரிப்போம் என்ற குரலைவிட, நம்பியவனைத் தண்டிப்போம் என்ற குரலே ஓங்கிக் கேட்டது. ஆகஸ்ட் 25ஆம் திகதி, அவசரகாலச் சட்டம் இனி நீடிக்கப்படாது என்று ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அதற்கு முன்னரே, சட்டத்தை நீடிக்கத்தான் இந்தப் பூதத்தை இறக்கிவிட்டிருக்கிறார்கள் என்ற பேச்சு இருந்தது. சட்டம் போனது. முகாம்கள் இருந்த இடத்தில் இருந்தன.

இந்தச் சம்பவங்களை ஆய்வாளர் ராஜேஷ் வேணுகோபால் 2015இல் ஆசிய ஆய்வுகளுக்கான சஞ்சிகையொன்றில் விரிவாக ஆராய்ந்தார். போருக்குப் பிந்திய இலங்கையின் சமூக பீதியாக அவர் இதை எடுத்துக்கொள்கிறார். இந்த விடயத்தில் எழுதப்பட்டவற்றுள் கவனமான ஆய்வு அது. ‘மூடநம்பிக்கை’, ‘இராணுவச் சதி’ என்ற இரண்டு சுலபமான விளக்கங்களுக்கும் அப்பால் போக வேண்டும் என்ற அக்கறை இப்போதாவது நம் எழுத்தில் வர வேண்டும்.

ஆனாலும் வைட்டின் வழியில் போகிறவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. எல்லா வதந்தியையும் அதிகாரத்துக்கு எதிரான குரல் என்று வாசிக்கப் பழகிவிட்டால், செத்தவர்களைக் காணாமல் விட்டுவிடுவோம். மலாவியில் 2002இல் பஞ்சம் வந்தபோது, உணவு உதவிக்கு ஈடாக அரசாங்கம் மக்களின் இரத்தத்தை விற்கிறது என்று பேசினார்கள். ஜனாதிபதி பக்கிலி முலூசியே வெளிவந்து மறுக்க வேண்டியிருந்தது. பசித்தவர்கள் சொன்ன அந்தக் கதையில் ஒரு குற்றச்சாட்டு தெளிவாகவே இருக்கிறது. 2017இல் அதே நாட்டின் முலஞ்சே, பலோம்பே மாவட்டங்களில் இரத்தம் உறிஞ்சுவோர் பேச்சு மறுபடி கிளம்பியது. ஐக்கிய நாடுகள் சபை தன் ஊழியர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தியது, அரசாங்கம் இரவு ஊரடங்கு போட்டது. அந்த அலையில் கொல்லப்பட்டவர்களில் வலிப்பு நோயுள்ள இளைஞர் ஒருவரும் இருந்தார். அவரை எரித்தார்கள். தமிழ்நாட்டில் 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கும்பிடக் குடும்பத்தோடு வந்த முதிய பெண்மணி, வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காகப் பிள்ளைபிடிகாரி என்று அடித்துக் கொல்லப்பட்டார். வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்திகள் ஊரை அப்படித் தயார்செய்து வைத்திருந்தன. அந்தப் பெண்மணிக்குப் பின்னால் முகாமும் இல்லை, நிலையமும் இல்லை. மறைந்துகொள்ள ஒரு வாசல்கூட இல்லாதவர் அவர். முகாமைச் சுட்டிய விரல் சட்டென்று திரும்பி, கையில் அகப்படும் அந்நியனை, நோயாளியை, தனியே நடப்பவரைச் சுட்டுகிறது. வதந்திக்குள் நியாயமான கோபம் இருப்பதனால் அது யார்மேல் இறங்குகிறது என்பதும் நியாயமாகிவிடாது.

கேட்கும் முறையில் வைட்டிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. ‘இது உண்மையா?’ என்று கேட்டால் எவரும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வார். எப்படி வந்தார்கள், என்ன உடுத்திருந்தார்கள், என்ன கருவி வைத்திருந்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டால், பேசுகிறவர் தன் வேலையையும் தெருவையும் தனக்குத் தெரிந்த அதிகாரிகளையும் சேர்த்தே பேசுவார். ஒருவர் மற்றவரோடு முரண்படும் இடத்தில் வரலாறு அதிகம் இருக்கிறது என்பது வைட் கற்றுத்தந்த பாடம்.

புத்தளக் கரையில் அந்த வேலையைச் செய்யக் காலம் இன்னும் கடந்துவிடவில்லை. 2011இல் இருபது வயதில் காவல் நின்றவர்கள் இன்று குடும்பஸ்தர்கள். வாடியிலும் உப்பளத்திலும் தேநீர்க் கடையிலும் அவர்களைக் கண்டு பேசலாம். வைத்தியசாலையில் அந்த மாதம் கீறல் காயங்களோடு யாராவது வந்திருந்தால், அது சேர்க்கைப் பதிவேட்டில் திகதியோடு இருக்க வேண்டும். பொலிஸ் முறைப்பாட்டுப் புத்தகத்துக்கும் பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டக் குறிப்புகளுக்கும் அதே மாதத்துப் பக்கங்கள் உண்டு. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்த இரவில் எது நடந்தது, எது நடந்ததாகப் பேசப்பட்டது என்று ஓரளவு பிரிக்க முடியும். ஆனால் ஆய்வாளர் முதலில் போக வேண்டியது துரத்தியவர்களிடம் அல்ல. அவர்கள் சொல்வது கூச்சல் கேட்ட பிறகு நடந்த கதை. கிடுகு மறைப்புக்குள் நின்று முதலில் கூச்சலிட்டவர்கள் பெண்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசப் பெண் ஆய்வாளர்களே போக வேண்டும். பூதத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன், அந்த ஆகஸ்டுக்கு முந்திய இரவுகளில் கிணற்றடிக்கு எப்படிப் போய் வந்தார்கள் என்று கேட்க வேண்டும்.